சுல்மிராவின் அடுப்புக்குப் பின்னால்

ஜனவரி 6, செவ்வாய்

குவால்தரின் பட்டறையிலிருந்து என் பைப் ரெஞ்சுகளை எடுத்து வந்துவிட்டேன். பெரியவை இரண்டும் என்னுடையவை. சின்னது அவனுடையது. அதையும் சேர்த்தே எடுத்து வந்தேன். வேண்டுமென்றால் கேட்டு வரட்டும்.

அண்ணனாயிற்றே, அண்ணனாயிற்றே என்று இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது. வேலை நான் செய்வேன், கடைசியில் வீட்டுக்காரர் கையை அவன் குலுக்குவான். அதுகூடப் போகட்டும். நேற்று ஒரு வீட்டுக்காரியிடம் என்னை வைத்துக்கொண்டே சொல்கிறான்: "என் தங்கச்சி ரேடியேட்டர் வால்வெல்லாம் நல்லா மாத்துவா. பாய்லர்னா நான்தான் வரணும்." அந்த வீட்டு பாய்லரைப் போன குளிர்காலத்தில் பொருத்தியதே நான்தான். அண்ணன் ஐயா அன்றைக்கு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முன்னாலேயே அதைச் சொன்னேன். குவால்தரின் காது சிவந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ? இல்லை. நன்றாகவே சொன்னேன்.

இன்று காலை பட்டறைக்குப் போய், சுவரில் என் கொக்கியில் தொங்கிய மேலங்கியை எடுத்தேன். அவன் சிரித்தான். "அந்தக் கொக்கி காலியாவே இருக்கும் ஒதீலியா. தவக்காலத்துக்கு முன்னாடி நீயே வந்து மாட்டுவே."

லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. வண்டி இருக்கிறது. கை இரண்டும் இருக்கிறது. பார்த்துவிடலாம்.

ஜனவரி 8, வியாழன்

முதல் வேலை வந்துவிட்டது. சுல்மிரா அர்ருதா, பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், என்னைவிடச் சில வயது பெரியவள், மாதா கோவிலில் எனக்கு முன் வரிசை. அவளுடைய மூன்றடுக்கு மரவீட்டில் பாய்லர் விரிசல் விட்டிருக்கிறது. முதலில் குவால்தரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வந்து பார்த்து, ஒரு தொட்டியும் பம்ப்பும் வைக்க வேண்டும், அதற்கு நிலவறைச் சமையலறையில் அடுப்பு இருக்கும் இடம்தான் தோது என்றானாம்.

"வாசல் அந்தப் பக்கம்னு கையைக் காட்டிட்டேன்," என்றாள் சுல்மிரா. "என் அடுப்பு அசையாது. ஈஸ்டருக்கு அப்புறம் பரிசுத்த ஆவித் திருவிழாக் கிரீடம் ஒரு வாரம் என் வீட்டுக்கு வருது. சீட்டு என் பேர்ல விழுந்திருக்கு. வாரம் பூரா வர்றவங்களுக்கெல்லாம் சூப்பும் ரொட்டியும் நான்தான் போடணும். பம்ப்பை வெச்சுக்கிட்டு எங்க சமைக்கறது? உன் அண்ணன் தலையிலயா?"

எங்கள் போர்ச்சுகீசிய ஆட்கள் வீட்டில் சமையலறை இரண்டு. மேலே இருப்பது பார்ப்பதற்கு, நிலவறையில் இருப்பது சமைப்பதற்கு. சுல்மிரா தன் மேல் சமையலறை அடுப்பில் பால்கூடக் காய்ச்சியிருக்க மாட்டாள். கீழேதான் பெரிய அடுப்பு, நீள மேசை, நீலப் பூ போட்ட டைல்ஸ், திராட்சை பிழியும் பொறி எல்லாம். தரையில் ஓர் இடத்தில் பெரிய பாத்திரம், கம்பளி போர்த்தி வைத்திருந்தது. இனிப்பு ரொட்டிக்குப் பிசைந்த மாவு.

"தாண்டிப் போ, மிதிச்சுத் தொலைக்காதே! அந்த இடத்துல வெச்சாத்தான் மாவு பொங்கும். ஆசீர்வாதமான இடம் அது."

தாண்டிப் போனேன்.

விஷயம் இவ்வளவுதான். பாய்லரில் கொதிக்கும் தண்ணீர் நீராவியாகி மூன்று மாடிக்கும் ஏறுகிறது. அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களில் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் வீடு திரும்ப வேண்டும். பழைய பாய்லருக்கு யானை வயிறு. போன தண்ணீர் சாவகாசமாக வந்தாலும் தாங்கும். புதிய பாய்லருக்குச் சின்ன வயிறு. தண்ணீர் தாமதித்தால் காய்ந்துபோய்த் தானாகவே அணைந்துவிடும். அதற்குத்தான் தொட்டியில் தண்ணீரைச் சேமித்து வைத்துப் பம்ப்பால் தள்ளுவது. குவால்தர் போகிற வீட்டிலெல்லாம் அதை வைத்துவிடுகிறான். மூளைக்கு வேலை இல்லை.

நான் வைக்க மாட்டேன் என்றேன். தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். வழி சரியாக இருந்தால் போதும்.

வழி. அங்கேதான் ஒரு சங்கடம். திரும்பு குழாய் கடைசி மூலையில் தரைக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. பாய்லர் அறையில்தான் மறுபடி தலை காட்டுகிறது. நடுவே முழுக்க சுல்மிராவின் டைல்ஸ்.

"இதை யாரு மூடினது?"

"என் வீட்டுக்காரர்தான். குழாய் கால்ல தட்டுது, அடுப்பு நேரா நிக்கலைன்னு கான்கிரீட்டைக் கொட்டிட்டாரு." அவர் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். கரைக்கு வந்தால் இன்னும் எதையாவது மூடுவார்.

இந்த ஃபால் ரிவர் ஊரில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் செய்த வேலைதான் இது. கீழே ஒரு சமையலறை வேண்டும், குழாய் குறுக்கே கிடந்தால் கான்கிரீட். இந்தக் குழாயை நம்பாதே, புதிதாக ஒன்று போட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஒன்று தரையை உடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பை நகர்த்த வேண்டும். எனக்கும் வாசலைக் காட்டியிருப்பாள். இத்தனை வருடம் ஓடிய குழாய்தானே.

சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பழைய பாய்லரை உடைத்துத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்தேன். உடைப்பதற்கு முன் அதன் நீர்மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். புதியதைக் கல் அடுக்கி உயர்த்தி, அதே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த வீட்டுக் குழாய்களெல்லாம் அந்த மட்டத்தை நம்பிப் போட்டவை. மட்டம் இறங்கினால் தண்ணீர் இருந்த இடத்தில் நீராவி நுழையும், பிறகு வீடு முழுக்க உலக்கை இடிதான்.

முதுகு என்னுடையதாகவே இல்லை.

ஜனவரி 14, புதன்

குழாய் வேலை முடிந்தது. திரும்பு குழாயை நேரே பாய்லரின் அடியில் செருகவில்லை. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றி, அங்கே பாய்லரின் மேலையும் அடியையும் இணைக்கும் சமநிலைக் குழாயோடு சேர்த்து, அதன் வழியாக உள்ளே இறக்கியிருக்கிறேன். நாளைக்கே திரும்பு குழாய் ஓட்டையானாலும் பாய்லர் முழுவதும் காலியாகாது. சேரும் இடத்தில் மிகக் குட்டையான துண்டு. நீளத் துண்டு போட்டால் சுத்தியல் சத்தம் கேட்கும்.

சுல்மிரா வந்து பார்த்தாள். "எதுக்கு இவ்வளவு வளைச்சிருக்கே? வேற வேலை இல்லையா?"

"உங்க சூப்புல எலும்பு எதுக்குன்னு நான் கேட்டேனா அக்கா?"

சிரித்துவிட்டு, ஒரு கிண்ணம் கீரை சூப் கொடுத்தாள். நிறைய கொரிசோ தொத்திறைச்சித் துண்டுகள் போட்டு. என் வாயை அடைக்கத்தான்.

ஜனவரி 15, வியாழன்

நகர ஆய்வாளர் வந்தார், டார்ச் அடித்தார், கையெழுத்துப் போட்டார். "குவால்தர் எங்கே?" என்று கேட்டார். "அவன் வீட்டில் இருப்பான்," என்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

நெருப்பு வைத்தேன். முதலில் நுரை. குழாய்க்கு மரை வெட்டும்போது ஒட்டிய எண்ணெய் தண்ணீரில் மிதந்தால் கொதி அடங்காது. பக்கவாட்டு வாயைத் திறந்து, நூல் மாதிரி வழியவிட்டு, எண்ணெய் எல்லாம் போகும்வரை பக்கத்திலேயே நின்றேன். சாயந்திரம் நீர்மட்டக் கண்ணாடி தெளிந்தது. மூன்று மாடியும் சூடு.

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் லெதுக் ஐயா படியில் நின்று கூப்பிட்டார். அந்தக் காலத்து நூல் மில்லில் தறி பழுதுபார்த்தவர். "ஏம்மா, பரவாயில்லையே! சாக்ஸைக் கழட்டிட்டேன்!"

குவால்தருக்கு போன் செய்து சொல்லலாமா என்று ஒரு ஆசை வந்தது. வேண்டாம். தானே கேள்விப்படுவான்.

ஜனவரி 20, செவ்வாய்

கேள்விப்பட்டிருக்கிறான். குழாய்க் கடையில் பார்த்தேன். "குளிர் இன்னும் வரலை," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஜனவரி 24, சனி

குளிர் வந்துவிட்டது.

சுல்மிரா போனில் கத்தினாள். "மேல தண்ணி கொட்டுது! கீழ நெருப்பு இல்ல! எந்தச் சனியனைக் கொண்டுவந்து வெச்சே?"

ஓடினேன். கண்ணாடியில் தண்ணீர் மேல்வரை நிரம்பிக் கிடந்தது. லெதுக் வீட்டு ரேடியேட்டரின் காற்றுப்போக்கியிலிருந்து பீய்ச்சியடித்து அவர் கம்பளம் நனைந்திருந்தது. குழாய்க்குள் யாரோ சுத்தியலோடு குடியிருப்பது போல் சத்தம்.

பாய்லரின் அழுத்தக் கட்டுப்பாட்டைப் பார்த்தேன். நான் அடிமட்டத்தில் வைத்த முள் உச்சியில் நின்றது.

"யார் இதைத் திருப்பினது?"

லெதுக் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "நான்தான். குளிருது. மில்லுல நூறு பவுண்டு அழுத்தத்துல ஓட்டினோம் நாங்க. நீ ரெண்டுகூட வைக்கலை. இதுக்குப் பேரு நீராவியா, மூச்சுக்காத்தா?"

"லெதுக் ஐயா, நூறு பவுண்டுல இந்த வீடு உங்க மில் இருக்கற இடத்துக்கே பறந்து போய்ச் சேந்துடும்."

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பாட்டுதான். மில்லில் வளர்ந்த ஊர். சூடு பத்தவில்லையா, அழுத்தத்தை ஏற்று. வீட்டில் அழுத்தம் ஏறினால் அது திரும்பி வரும் தண்ணீரையே பின்னுக்குத் தள்ளும். பாவம் மனுஷன், அவர்மேல் நன்றாகவே எரிந்து விழுந்தேன். முள்ளை இறக்கி, அதிகப்படித் தண்ணீரை வடித்துவிட்டு வந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. நிம்மதி.

ஜனவரி 28, புதன்

நிம்மதியாவது மண்ணாவது. மறுபடியும் அதேதான். இந்த முறை முள் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

இன்று பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். நெருப்பு எரிகிறது, நீர்மட்டம் இறங்குகிறது, இறங்கிக்கொண்டே போகிறது. திரும்ப வேண்டிய தண்ணீர் வரவில்லை. காவல் பொறி நெருப்பை அணைக்கிறது, தானாகத் தண்ணீர் விடும் பொறி புதுத் தண்ணீரை விடுகிறது. அதற்கப்புறம் பழைய தண்ணீர் கோவிலுக்கு நேரம் கழித்து வருகிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேருகிறது. பாய்லர் நிரம்பி வழிகிறது.

தாமதம். குவால்தர் சொன்ன அதே தாமதம்.

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் லெதுக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க தப்பு இல்ல ஐயா. என்னுது."

"எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா முள்ளைத் திருப்பினது நல்லா இருந்துச்சு."

சுல்மிராவிடம், நான் கண்டுபிடிக்கும்வரை காலையும் மாலையும் நானே வந்து தண்ணீரை வடித்துவிடுகிறேன், வீடு குளிராது என்றேன். அவள் வாணலியைத் தேய்த்துக்கொண்டே, "எத்தனை நாளைக்கு?" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனேன். தோற்றுப்போன முகத்தோடு அங்கே நிற்கவில்லை. அது எனக்கு வராது.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசை முடிந்ததும் குவால்தர் கோட்டு சூட்டோடு சுல்மிரா வீட்டு நிலவறைக்கு வந்துவிட்டான். யார் சொன்னார்களோ. ஊரே சொல்லியிருக்கும்.

என் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். வளைவை, குட்டைத் துண்டை, கல்லின் மேல் பாய்லர் நிற்கும் மட்டத்தை. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவன் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னான். "கை சுத்தமாத்தான் இருக்கு. தொட்டியும் பம்ப்பும் என் வண்டியில இருக்கு. நாளைக்கே ரெண்டு பேருமா வெச்சுடலாம். பேரு உன்னோடதாவே இருக்கட்டும். அப்புறம் பட்டறைக்கு வந்துடு. கொக்கி அங்கயேதான் இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி அன்பாகச் சொன்னால் என்ன செய்வது?

"பம்ப் வண்டியிலயே இருக்கட்டும் அண்ணே."

"வீம்பு புடிக்காதே. இன்னொரு தடவை மேல தண்ணி கொட்டினா இந்த ஊர்ல யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. என் பேர்ல இருந்தா நான் தாங்கிப்பேன். உன் பேருக்குத் தாங்காது."

உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

அவன் போன பிறகு சுல்மிரா கேட்டாள். "உன் அண்ணன் சொல்றது சரியாடி?"

"தெரியலை அக்கா. ஆனா நான் பம்ப் வைக்க மாட்டேன்."

இது திமிரா? எழுதிக்கொண்டே என்னையே கேட்கிறேன். கொஞ்சம் திமிர்தான். ஆனால் ஒன்று இருக்கிறது. அவன் வைக்கும் தொட்டிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதே தரைக்கு அடியில் உள்ள குழாயிலிருந்துதானே? பம்ப் புதுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பழைய தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு வரும், கடைசியில் தொட்டி வழியும். நோய் அப்படியே இருக்கும், முனகல் மட்டும் வெளியே கேட்காது.

நான் அன்றைக்கு வாயெடுத்துச் சொல்லாமல் விட்ட குழாய்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இப்போதுதான் வந்தேன். கோட்டைக்கூடக் கழட்டலை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பாய்லரை அணைத்துவிட்டு, திரும்பு குழாயைப் பாய்லர் பக்கம் கழற்றி அடியில் வாளி வைத்தேன். மறுகோடிக்குப் போய், குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தையும் கழற்றிப் புனல் வைத்து, பெரிய பானை நிறைய வெந்நீர் ஊற்றினேன். இந்தப் பக்கம் வந்து பார்த்தால், சளி பிடித்த குழந்தை மூக்கு மாதிரி கறுப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. சகதி. இரும்பு அரித்து அரித்துச் சேர்ந்த சகதி.

இன்னொரு பானை ஊற்றினேன். ஊற்றியதில் பாதிகூட வாளிக்கு வரவில்லை. மீதி எங்கே?

அப்போது சமையலறையிலிருந்து சுல்மிராவின் குரல், சந்தோஷமாக: "ஒதீலியா! இன்னைக்கு என் இடம் என்னமா சுடுது தெரியுமா! மாவு இப்பவே தலையைத் தூக்கிடுச்சு!"

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு போய் மண்டியிட்டு, கம்பளி போர்த்திய பாத்திரத்தை நகர்த்தி, டைல்ஸில் உள்ளங்கையை வைத்தேன். நான் ஊற்றிய வெந்நீர். இத்தனை வருடமும் இந்தத் தரைக்குக் கீழே குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒழுகியது போக மீதிதான் சகதிக்குள் புகுந்து திரும்பி வந்திருக்கிறது. பழைய பாய்லர் யானை வயிற்றோடு அதைத் தாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து பொங்கிய ரொட்டியைத்தான் கோவிலில் எல்லோரும் புகழ்ந்து தின்றோம். நானும் தின்றேன். முதல் நாளே அந்தக் கம்பளியைத் தாண்டிப் போனேனே!

"அக்கா, உங்க ஆசீர்வாதம் என் தண்ணி," என்றேன்.

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். வந்துவிட்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. தரைக் குழாய் செத்துவிட்டது, இரண்டு முனையையும் அடைத்துவிட்டுச் சுவர் ஓரமாகத் தரைக்கு மேலே புதுக் குழாய் போட வேண்டும், அதற்கு ஒரே வழி அடுப்புக்குப் பின்னால்தான், அடுப்பை ஒரு சாண் முன்னால் இழுக்க வேண்டும் என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், வேலை கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"பயமா? உனக்கா?" என்றாள். "பயந்தவ வாயா இது? என் ரொட்டி உன் சாக்கடைத் தண்ணியில பொங்குதுன்னு சொல்றே! அடுப்பை நகர்த்துங்கறே! உன் அண்ணனும் அதைத்தானேடி சொன்னான்? அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

நான் வாளியைக் கொண்டுவந்து மேசைப் பக்கத்தில் வைத்தேன். அதுல இருக்கற கறுப்பைப் பாருங்க, உங்க தரைக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்கன்னு நின்னேன். மணிக்கணக்கா நின்ன மாதிரி இருந்துச்சு. அவ வாளியைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"போ. வீட்டுக்குப் போ."

போகச் சொன்னா போறேன். கெஞ்ச மாட்டேன். ஆனா குழாயை மாட்டிட்டு, பாய்லரைப் பத்தவெச்சு, தண்ணியை வடிச்சுட்டுத்தான் வந்தேன். அந்த மூணாம் மாடி மனுஷன் குளிர்ல கிடக்கக் கூடாது.

பிப்ரவரி 4, புதன்

காலையில் தண்ணீர் வடிக்கப் போனேன். சுல்மிரா வீட்டு வாசலில் குவால்தரின் வண்டி. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

அவன் பம்ப்பை வைத்தால் வைக்கட்டும். நான் அந்தக் கொக்கிப் பக்கம் போவதாக இல்லை. மீன் கடையில் செதில் உரிக்கப் போவேன்.

பிப்ரவரி 5, வியாழன்

"எங்கடி போய்த் தொலைஞ்சே?" போனில் சுல்மிரா. "வா. உடனே வா."

போனேன். அடுப்பு சுவரை விட்டு ஒரு சாண் அல்ல, ஒரு முழம் வெளியே நின்றது. அதற்குப் பின்னால் சுல்மிரா, துடைப்பமும் சோப்புத் தண்ணியுமாக, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். லெதுக் ஐயா நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவங்க இழுத்தாங்க," என்றார். "நான் தள்ளினேன். மில்லுல இதைவிடக் கனமா தள்ளியிருக்கேன்."

நான் சுல்மிராவைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? உன் அண்ணனைக் கூப்பிட்டு வாளியைக் காட்டினேன். தரைக்குக் கீழ இதுதான் இருக்கான்னு கேட்டேன். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க, மேல தெரியாது, பம்ப் பாத்துக்கும்கறான். மேல தெரியாதாம்! சமைக்கறவகிட்ட வந்து சொல்றான், அழுக்கு மேல தெரியாதுன்னு!" துடைப்பத்தைச் சுவரில் அடித்தாள். "போடா வெளியேன்னுட்டேன்."

"அடுப்பு அசையாதுன்னு சொன்னீங்களே அக்கா."

"அவனுக்கு அசையாது. எனக்கு அசையும். என் அடுப்பு." பிறகு, என்னைப் பார்க்காமல், "நீயாவது பயந்தேன்னு சொன்னே. சீக்கிரம் வேலையைப் பாரு. குளிருது."

வண்டிக்குப் போய் ரெஞ்சை எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன், வேறென்ன. குளிரில் கண்ணீர் கன்னத்தில் கடித்தது.

பிப்ரவரி 7, சனி

முடிந்தது. மூலையிலிருந்து இறங்கி, சுவர் ஓரமாக, அடுப்புக்குப் பின்னால், பாய்லர் அறை வரை புதுக் குழாய். தரையிலிருந்து ஒரு கை உயரத்தில், முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இரண்டு முனையிலும் கழுவிவிட வால்வு. பழைய குழாயின் இரண்டு வாயையும் அடைத்துவிட்டேன்.

நெருப்பு வைத்துவிட்டு நீர்மட்டக் கண்ணாடி முன்னால் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். சுல்மிரா வந்து நின்றாள். லெதுக்கும் இறங்கி வந்தார். மட்டம் ஒரு விரலளவு இறங்கியது. நின்றது. அங்கேயே நின்றது. மேலே போன தண்ணீர் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. குழாயைத் தொட்டேன், சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் லெதுக். ஏமாற்றமாக இருந்தது அவருக்கு.

"அவ்வளவுதான் ஐயா."

பிப்ரவரி 11, புதன்

மூக்கு உறையும் குளிர். போன் அடிக்கவே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அடித்தது. "தரை செத்துப்போச்சு! மாவு பிணம் மாதிரி கிடக்கு! இன்னைக்கு மலசாதா செவ்வாய், ஊரே வரப்போகுது, நான் எதைப் பொரிக்கறது, உன் ரெஞ்சையா?"

தவக்காலத்துக்கு முந்திய நாள், எண்ணெயில் பொரித்த இனிப்பு மலசாதாவைச் சூடாகத் தின்ன வேண்டிய நாளில் அதற்கான மாவு பொங்கவில்லை. கொலைக்குற்றம். ஒரு பலகையை எடுத்துக்கொண்டு போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், புதுக் குழாயின் மேல், பலகையைக் கிடத்தி முட்டுக் கொடுத்து, மாவுப் பாத்திரத்தைத் தூக்கி வைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். சுல்மிரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சந்தேகமாக நின்றாள். பிறகு மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே.

பொங்கியது. கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ம்," என்றாள். "முன்னாடி ஆசீர்வாதம் தரைக்குக் கீழ இருந்துச்சு. இப்ப எங்க இருந்து வருதுன்னாவது தெரியுது."

சர்க்கரையில் புரட்டிய மலசாதா கைசுடச் சுட. லெதுக் ஐயா தட்டோடு உட்கார்ந்து எழவே இல்லை. நாளை சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிடும்.

என் மேலங்கி என் வீட்டுக் கதவில்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 18, புதன்

கோவிலில் குவால்தர் இரண்டு வரிசை முன்னால். நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். யாரும் தலையாட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது பாய்லர், சுல்மிராவின் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில். போனதும் முதல் வேலையாகக் கேட்டேன்: திரும்பு குழாய் எங்கே போகிறது? தரைக்குள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். கேட்டாள். முகம் சுளித்தாள். சரி என்றாள்.

ஏப்ரல் 4, சனி

நாளை ஈஸ்டர். சுல்மிரா முட்டை பதித்த ஓர் இனிப்பு ரொட்டி கொடுத்தனுப்பியிருந்தாள். மதியம் குவால்தர் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என் சின்ன ரெஞ்சு உன்கிட்ட இருக்கு."

"இருக்கு. உள்ள வா."

வந்து உட்கார்ந்தான். ரொட்டியை வெட்டி வைத்தேன். முட்டை இருந்த துண்டை அவனுக்கே வைத்தேன், சின்ன வயதில் அதற்குத்தானே எப்போதும் சண்டை. மென்றுகொண்டே, "கொக்கியை ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன். புது ஆள்," என்றான்.

"நல்லது அண்ணே. நல்லா வேலை செய்யறானா?"

"பேச மாட்டான். அது போதும்."

விரலில் ஒட்டிய ரொட்டித் துகளைத் தட்டினான். பிறகு, மேசையைப் பார்த்தபடி: "அந்த அடுப்பை எப்படி நகர்த்தினே?"

"நான் எங்க நகர்த்தினேன்? அவங்களே நகர்த்தினாங்க."

தலையை ஆட்டினான். அதை நம்பினானா தெரியவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய், கதவில் கையை வைத்தபடி சொன்னான். "போன வருஷம் ஒரு வீட்டுல பம்ப் வெச்சேன். தொட்டி வழிஞ்சுக்கிட்டே இருக்கு. குழாய் சமையலறைத் தரைக்குள்ளதான் போகுது. திங்கட்கிழமை வந்து ஒரு பார்வை பாக்கறியா?"

"பாக்கறேன். என் வண்டியில வர்றேன்."

"சரி. உன் வண்டியிலயே வா."

அவன் போன பிறகுதான் கவனித்தேன். ரெஞ்சை எடுக்காமலே போயிருக்கிறான்.